அத்தை தைத்த கடல்

போன மாதம் என் மகள் கொட்டிவாக்கத்தில் வாங்கிய புது வீட்டுச் சுவரில் ஒரு துணியை மாட்டினாள். 'வால் ஹேங்கிங்' என்கிறாள். பழைய சேலைகளை வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்தது, கீழே குஞ்சம், மேலே ஒரு மரக்கம்பு. ஏணியில் நின்றபடியே, "நேரா இருக்கா பாரும்மா" என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டேன். எனக்கு உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இதை என் வயதுக்காரர்களிடம்தான் சொல்ல முடியும். உங்களுக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். உங்கள் வீட்டிலும், விருந்தாள் வந்தால் உள்ளே போகச் சொல்லப்பட்ட ஒருத்தி இருந்திருப்பாள். பிள்ளைகளிடம் சொன்னால், "ஏன் அப்படி இருந்தீங்க?" என்று கேட்பார்கள்.

அப்போது நாங்கள் தி.நகரில், பனகல் பூங்காவுக்குத் தெற்கே ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை, அதற்கு மேல் மொட்டை மாடி. அப்பா ஊர்க்காரர் ஒருவரின் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்றார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பத்து வருஷம் ஆகியும் எங்கள் வீட்டுப் பேச்சு மாறவில்லை. எனக்குப் பதினொரு வயது. அக்காவுக்கு இருபது. டைப்ரைட்டிங் முடித்துவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. அவள் புருஷன் வேலைக்கென்று பம்பாய் போனவர். இரண்டு வருஷம் கடிதம் வந்தது. பிறகு அது நின்றது. பிறகு அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்ற செய்தி வந்தது. மாமியார் வீட்டில் ஒரு தகரப்பெட்டியோடு ரயிலேற்றி விட்டார்கள். எழும்பூரில் அப்பா அவளைக் கூட்டிவரப் போனபோது நானும் போனேன். பெட்டியை அவர் தூக்கிக்கொண்டார்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கூடத்தின் மேற்குச் சுவரில் ஓதம் ஏறியது. முதலில் ஒரு கை அகலத்துக்குக் கறை, பிறகு நான் நின்றால் என் தலையைத் தாண்டும் உயரத்துக்கு. சுண்ணாம்பு அப்பளம்போல உப்பி உதிரும். காலையில் பாயைச் சுருட்டும்போது வெள்ளைப் பொடி கையில் ஒட்டும். நனைந்த சாக்கு வாசனை வீடு முழுக்க. வீட்டுக்காரரிடம் சொன்னால், "மழை நிக்கட்டும், பாக்கலாம்" என்பார். மழை நின்றால், "அடுத்த மழைக்குள்ள பாக்கலாம்" என்பார்.

"பொண்ணு பாக்க வாரவங்க இந்தச் சுவரைப் பாத்தாலே போயிருவாங்க" என்று அம்மா ஒரு நாள் புலம்பினாள். அத்தை அம்மாவை 'மைனி' என்றுதான் கூப்பிடுவாள்.

"துணி போட்டு மறைச்சிரலாமா மைனி?" என்றாள்.

"போர்வையைத் தொங்கவிட்டா நல்லாவா இருக்கும்?"

"போர்வை இல்ல. நான் ஒண்ணு செஞ்சு பாக்கேன்."

அப்பா கடையிலிருந்து ஒரு மஞ்சள் பை நிறைய வெட்டுத்துணி கொண்டுவந்தார். ரவிக்கைத்துணி கிழித்த மிச்சம், பழுதான சேலைகளின் கரை, மாதிரி காட்டும் அட்டைகளிலிருந்து பிரித்த சதுரங்கள். பையைக் கவிழ்த்ததும் புதுத்துணிக் கஞ்சி வாசனை எழுந்து ஓத வாசனையை அமுக்கியது. நானும் அத்தையும் தரையில் உட்கார்ந்து பிரித்தோம். பட்டு ஒரு குவியல், பருத்தி ஒரு குவியல், மெல்லிய வாயில் துணி ஒரு குவியல். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேய்த்தே எது என்ன என்று சொல்ல அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. அடித்துணிக்கு, கடைக்கு வரும் துணிப்பொதிகளைச் சுற்றியிருக்கும் காடாத்துணி. அதில் மில்லின் எழுத்துகள் கறுப்பு மையில் இருக்கும். எழுத்துள்ள பக்கத்தை அத்தை சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

முதலில் இரண்டு கிளி, ஒரு வாழை. மேலே மடித்துத் தைத்து அதற்குள் மூங்கில் கம்பைச் செருகி, இரண்டு ஆணியில் மாட்டினாள். கறையில் பாதி மறைந்தது. அப்பா வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்ற மறந்து, அதன் முன்னால் நின்றார்.

"கடையில வச்சா வித்துரும்ட்டி" என்றார். அவள் வந்த பிறகு அவர் அவளிடம் சிரித்த முகத்தோடு பேசியதை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு மயில், கோலம், தெப்பக்குளம் என்று வரிசையாக வந்தன. அறைக்கதவுக்கு மேலே ஒன்று, அலமாரிக்குப் பக்கத்தில் ஒன்று. ஆனாலும் மேற்குச் சுவரின் பெரிய கறை மிச்சமிருந்தது. மழை வெறித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் சாந்தோம் பக்கம் கடற்கரைக்குப் போனோம். அத்தை அதற்குமுன் கடலைப் பார்த்ததில்லை. நாங்கள் சுண்டல் தின்று, கால் நனைத்து, மணலில் புரண்டு எழுந்த பிறகும் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எத்தனை நிறமா இருக்கு! எல்லாத்துக்கும் சேத்து நீலம்னு ஒரே பேரைச் சொல்லுதாங்களே" என்றாள் என்னிடம்.

அடுத்து ஒரு மாதம் அப்பா நீலத்துண்டுகளாகச் சேர்த்துக்கொண்டு வந்தார். மயில் கழுத்து, இங்க் நீலம், வான நீலம், பச்சை கலந்த ஒரு நீலம். அத்தை அவற்றைக் கோடு கோடாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தைத்தாள். நுரைக்குச் சேலைக்கரையிலிருந்து உருவிய வெள்ளிச் சரிகை. கரையில் மூன்று கட்டுமரம். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நமக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு பெண். கதவளவு உயரம், ஒன்றரைக் கதவு அகலம். அதை மாட்டிய அன்று கூடம் பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. காற்று அடித்தால் துணி அசையும், சரிகை மினுங்கும். நான் அதன் எதிரே உட்கார்ந்துதான் வீட்டுக்கணக்குப் போடுவேன்.

கீழ்வீட்டு அம்மா அதைப் பார்க்கவே மேலே வந்தாள். வீட்டுச் சொந்தக்காரரின் மனைவி, பல தலைமுறையாக மெட்ராஸ்காரி.

"இன்னாமா இது, சமுத்திரத்தையே சுருட்டி வந்து மாட்டிக்கினு கீறீங்க! யாரு கைவேலை?"

அத்தை சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அம்மா அவளைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"பெரியவதான்" என்றாள்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை உள்ளே போய் அடுப்பில் எதையோ கிளறினாள். வந்தவளுக்கு அக்கா தலைகுனிந்தது வெட்கமாகவும் அடக்கமாகவும் தெரிந்திருக்கும். அவ்வளவுதான், பேச்சு பரவிவிட்டது. கீழ்வீட்டு அம்மா நாலு வீட்டில் சொன்னாள். அது தரகர் காதுக்கும் போயிற்று. ஜாதகம் கொடுத்தும் திரும்பிப் பார்க்காதவர், கைவேலை தெரிந்த பெண் என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

அம்மாவைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் பயந்தவள். கறுப்பான மகள், கையில் பெரிய நகை கிடையாது. சும்மா கிடந்த ஒன்றை எடுத்து மகளுக்குப் போட்டுப் பார்த்தாள். "கல்யாணத்துக்குள்ள அவளும் கத்துக்கிடுவா" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். அக்கா ஒரு வாரம் ஊசியைப் பிடித்தாள். விரலெல்லாம் குத்திக்கொண்டு அழுததுதான் மிச்சம்.

தை பிறந்ததும் ஒரு வரன் வருவதாக நாள் குறித்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு அம்மா அத்தையிடம் வந்தாள்.

"கடல் படத்துல ஒரு மூலையில பெரியவ பேரைப் போட்டுரு புள்ளே."

அத்தை கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்.

"எந்த நிறத்துல மைனி?" என்றுதான் கேட்டாள்.

சிவப்பு நூலில், கட்டுமரத்துக்குக் கீழே, அக்காவின் பெயரைத் தைத்தாள். அவள் தைத்ததிலேயே மட்டமான தையல் அதுதான். எழுத்துகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி நின்றன.

வந்தவர்கள் மயிலாப்பூரில் நகைக்கடை வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள்தான். அவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அம்மா அத்தையை மொட்டை மாடிக்குப் போகச் சொன்னாள். வாழாவெட்டி எதிரே வரக் கூடாது என்று மட்டும் காரணமில்லை. தரகரிடம் அப்பாவுக்குத் தங்கை இருப்பதையே அப்பாவும் அம்மாவும் சொல்லவில்லை. அது அப்போது எனக்குத் தெரியாது. அத்தை ஒரு செம்பு தண்ணீரை எடுத்துக்கொண்டு படியேறியதைத்தான் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷி. கேசரியைக் கையில் வைத்துக்கொண்டே கடலின் முன்னால் போய் நின்றாள். விரலால் சரிகையைத் தொட்டாள். மூலையிலிருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"லட்சுமி கை உனக்கு" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னாள். "நாங்க அடையாறுல வீடு கட்டுதோம். ஹால்ல பெரிய சுவரு. அங்க வந்து இதே மாதிரி ஒண்ணு செஞ்சு மாட்டணும், என்ன? எத்தனை நாள் ஆச்சும்மா இதுக்கு?"

அக்கா அம்மாவைப் பார்த்தாள். "ரெண்டு மாசம்" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, அக்கா உனக்கும் சொல்லித் தாராளா?"

"இது அக்கா பண்ணலை. அத்தை பண்ணது" என்றேன்.

பொய் பொறுக்காமல் சொன்னேன் என்று பிற்பாடு பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. அன்று அக்காவுக்குப் புதுப் பட்டு, தலை நிறைய மல்லிகை. எனக்குப் பழைய பாவாடை, இரண்டு இணுக்குக் கனகாம்பரம். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாயிலிருந்து வந்ததில் அத்தைமேல் இருந்த பாசம் எவ்வளவு, அக்காமேல் இருந்த எரிச்சல் எவ்வளவு என்று இன்றைக்கும் என்னால் பிரிக்க முடியவில்லை.

"எந்த அத்தை?" என்றாள் அந்த அம்மாள்.

"எங்க அப்பாவோட தங்கச்சி. மொட்டை மாடியில இருக்காங்க."

அந்த அம்மாள் அம்மாவைப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரருக்குத் தங்கச்சி உண்டுன்னு தரகர் சொல்லலியே" என்று மெதுவாகத்தான் கேட்டாள். அம்மா வெற்றிலைத் தட்டைச் சரிசெய்தாள். அவர்கள் காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். "சொல்லி அனுப்புதோம்" என்று கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்கள். போகும்போது அந்த அம்மாள் என் கன்னத்தைத் தட்டினாள். அதை ஏன் செய்தாள் என்று எனக்கு இன்னமும் புரியவில்லை.

அப்பாவிடம் துணி அளக்கும் மரக்கோல் ஒன்று இருந்தது. அதைக் கையில் எடுத்தார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒண்டினேன். அக்கா அவர் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அப்பா வெளியே வந்தபோது கையில் கோல் இல்லை. என்னைப் பார்க்காமலே மாடிப்படி ஏறினார். நான் பின்னாலேயே போய்ப் படித்திருப்பத்தில் நின்றேன்.

அத்தை தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

"நீதான் புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தியா?" என்றார் அப்பா. "பேரை மாத்துனதுக்குப் பழி வாங்கிட்டியா?"

அத்தை அவரைத் தாண்டி என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'இல்லப்பா, நானாத்தான் சொன்னேன்.' நாக்கு நுனியில் இருந்தது. கோலுக்குப் பயந்து அதை விழுங்கிக்கொண்டேன்.

"ஆமாண்ணே" என்றாள் அத்தை. "நாந்தான் சொல்லச் சொன்னேன்."

ஒரு வாரத்துக்குள் அவளை அனுப்பிவிட்டார்கள். சாந்தோமில் ஆதரவில்லாத பெண்கள் தங்கித் தையல் கற்கிற ஒரு விடுதி. கடையில் யார் மூலமாகவோ அப்பா விசாரித்து வைத்தார். அதே தகரப்பெட்டி. இந்த முறை ரிக்‌ஷாக்காரர்தான் தூக்கினார். அத்தை என் தலையைத் தடவி, "ஒழுங்கா படி" என்றாள். நான் அழவில்லை. அழுதால் உண்மை வெளியே வந்துவிடும் என்று பயம்.

அவள் போன மறுநாள் அம்மா எல்லாத் துணியையும் இறக்கினாள். கடலை எடுத்ததும் பின்னாலிருந்த சுவர் தெரிந்தது. வெயிலும் காற்றும் படாமல் ஓதம் இரு மடங்கு பரவி, கறுத்து, பூஞ்சை பிடித்திருந்தது. துணியின் முதுகிலிருந்த மில் எழுத்துகள் சுவரில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவள் அந்த வாரம் வந்தாள். அம்மா எல்லாவற்றையும் அவள் முன்னால் போட்டாள். அவள் கடலை விரித்துப் பார்த்துவிட்டு மடித்தாள்.

"இன்னாமா இது, கட்டிக்கிற துணியும் இல்ல, போத்திக்கிற துணியும் இல்ல. பின்னால பூசணம் வேற கீது. இத்த வச்சிக்கினு நான் இன்னா பண்ண? ஒரு கிண்ணம் தரேன், அவ்ளோதான்."

அம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். பாத்திரக்காரி கூடையைத் தலையில் ஏற்றியபோது நீலம் ஒரு ஓரத்தில் தொங்கியது. சந்து திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். அன்று சாயங்காலம் அம்மா சமையலறையில் முந்தானையை வாயில் வைத்து அழுததையும் பார்த்தேன். கல்யாணம் தட்டிப்போனதற்காக என்று அப்போது நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்லமாட்டேன்.

அக்காவுக்கு அடுத்த வருஷமே ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோடு கல்யாணம் ஆயிற்று. அமைதியான மனிதர். நங்கநல்லூரில் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். அத்தையைக் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. அப்பா சாகும்வரை அவள் பெயரை எடுக்கவில்லை.

கல்லூரியில் படிக்கும்போது நான் ஒரே ஒரு தரம் சாந்தோமுக்குப் போனேன். அத்தை அங்கேயே பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறவளாக ஆகியிருந்தாள். முடி முன்பக்கம் நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு, மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"சாப்பிட்டியா? அக்காவுக்கு எத்தனை புள்ளைங்க? உங்க அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். சொல்ல வந்ததை மட்டும் சொல்லவில்லை. பஸ் வரை கூட வந்தாள். பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. நான் கல்யாணமாகி வடக்கே இருந்தபோது அவள் காலமானாள். செய்தி எனக்குக் கடிதத்தில்தான் வந்தது.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கதை. போன மாதம்வரை.

மகள் வீட்டில் இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஆட்டோ பிடித்து நங்கநல்லூர் போனேன். அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வாத்தியார் போய்விட்டார். தனியாக இருக்கிறாள். அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டேன்.

"அக்கா, உன் முதல் வரன் தட்டிப்போச்சே. அன்னைக்கு அத்தை எனக்கு எதுவும் சொல்லிக் குடுக்கலை. நானாத்தான் சொன்னேன்."

அக்கா நார் உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள். "நான்தானே அப்பாகிட்ட அத்தை பேரைச் சொன்னேன்."

எனக்கு விளங்கவில்லை.

"அப்பா கையில கோல் இருந்துது. உன்னைக் கொன்னுருவாருன்னு பயந்துட்டேன். யாரு மேலயாவது பழியைப் போடணும். யாரு பேரைச் சொன்னா வீட்டுல ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்களோ, அந்தப் பேருதான் வாயில வந்துச்சு. சொல்லும்போதே தப்புன்னு தெரிஞ்சுது. ஆனா அதுக்குள்ள அவர் மாடி ஏறிட்டாரு."

"இத்தனை வருஷம் என்கிட்ட சொல்லலியே?"

"நீயும்தான் என்கிட்ட சொல்லலை."

குக்கர் ஒரு விசில் அடித்தது. அக்கா எழுந்து போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள்.

"கல்யாணத்துக்கு முந்தின மாசம் பத்திரிகையை எடுத்துக்கிட்டு யாருக்கும் சொல்லாம சாந்தோம் போனேன். அத்தை கால்ல விழுந்து சொல்லிட்டேன், நான்தான் பொய் சொன்னேன்னு. அவ என்னைத் தூக்கி உக்காரவச்சு, தண்ணி குடுத்தா. 'நீங்க ஏன் ஆமான்னு சொன்னீங்க, புள்ளையைக் காப்பாத்தவா?'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

அக்கா ஆய்ந்த காயைத் தட்டில் ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"'அதுக்கு மட்டும் இல்லட்டி'ன்னா. 'நான் சொன்னது முழுப் பொய்யும் இல்ல. உன் பேரைத் தைக்கும்போது, யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை, நாலு பேரு முன்னால இது நான் செஞ்சதுன்னு சொல்ல மாட்டாங்களான்னு நெனச்சிக்கிட்டேதான் தச்சேன். சின்னவ சொல்லிட்டா. அந்தச் சத்தம் எனக்கு மாடியில கேக்கலை, அதுதான் வருத்தம். எப்படிச் சொன்னான்னு நீ கொஞ்சம் சொல்லு'ன்னா."

"நீ சொன்னியா?"

"சொன்னேன். மூணு தடவை சொல்லச் சொன்னா."